பூட்டுக்குறி இல்லாத பெயர்

ஆசாத் டூட்டிக்குக் கிளம்புவதாகச் சொல்லி வீடியோ காலை நிறுத்திய பிறகும், போனின் மேல் மூலையில் அந்தப் பச்சைப் புள்ளி அணையவில்லை. கடுகளவுதான் இருக்கும். கேமரா வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளமாகப் போன் காட்டுகிற புள்ளி அது. மெஹ்ரீன் ஈரக்கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, திறந்திருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மேலே தள்ளி மூடினாள். எல்லாம் போய்விட்டது, புள்ளி மட்டும் இருந்தது. அதற்குப் பின்னால் யாரோ இமைக்காமல் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியது. சே, என்ன பைத்தியக்காரத்தனம் என்று தன்னையே கடிந்துகொண்டு, போனைக் கட்டிலில் குப்புறப் போட்டாள்.

பாவம், அந்தப் போனுக்கு ஓய்வு கிடைப்பதே அபூர்வம். அவள் புருஷன் ஆசாத்துக்குச் சவூதியில், தம்மாமில் ஒரு குடோனில் இரவு வேலை. மதியம் தூங்கி எழுந்ததும் கூப்பிடுவான். அவள் போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டுச் சமைப்பாள், பாத்திரம் தேய்ப்பாள், மகள் தஹ்ஸீனுக்கு ஜடை பின்னுவாள். அவன் அங்கே துணி மடிப்பான், நகம் வெட்டுவான், பாதி நேரம் வாயைப் பிளந்து தூங்குவான். யாரும் திரையைப் பார்ப்பதில்லை. பேச்சு இருந்தால் பேசுவார்கள், இல்லையென்றால் சும்மா இருப்பார்கள். தர்காவுக்குப் பின்னால் இருக்கிற அந்தச் சந்தில், ஆம்பிளை வெளிநாட்டில் இருக்கிற வீடுகளில் எல்லாம் இதுதான் வழக்கம். ஒவ்வொரு அடுப்படியிலும் ஒரு போன் எதன் மேலாவது சாய்ந்து நிற்கும், அதற்குள் ஒரு புருஷன் இருப்பான். சண்டை, சமாதானம், மாமியார் பேச்சு, ராத்திரி ரகசியம் எல்லாம் அதற்கு முன்னால்தான் நடக்கும். தஹ்ஸீனுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அத்தா என்றால் அந்த வெளிச்சச் சதுரம்தான்.

இப்படிப் போனைத் திறந்தே வைத்தால் எந்த டேட்டா தாங்கும்? சாயங்காலம் அஸர் தொழுகைக்கு முன்பே தீர்ந்துவிடும். அப்போதுதான் ஒருநாள் வைஃபை பட்டியலைப் பார்த்தாள். எல்லாப் பெயர்களுக்கும் பக்கத்தில் பூட்டுக்குறி இருந்தது, 'ஹோம்' என்ற ஒன்றைத் தவிர. யாருடையது? மொபைல் கடையுடையதாக இருக்கும் என்றார்கள் கீழ்வீட்டில். மதரஸாவுடையது என்றாள் எதிர்வீட்டுக்காரி. ஓசியில் வருவதை யார் துருவித் துருவிக் கேட்பார்கள்! தொட்டதும் ஒரு பக்கம் திறந்தது. நம்பர் கேட்டது, கொடுத்தாள். பாஸ்வேர்ட் கேட்டது, மெயிலுக்கும் பேங்குக்கும் சகலத்துக்கும் வைத்திருக்கிற ஒரே பாஸ்வேர்டைக் கொடுத்தாள். பிறகு என்னென்னவோ அனுமதி கேட்டது. எல்லாவற்றுக்கும் சரி, சரி, சரி. "பூட்டில்லாத வைஃபைல மட்டும் ஏறிடாத மெஹ்ரு" என்று ஆசாத் பல தடவை சொல்லியிருக்கிறான். பெரிய டேட்டா பிளான் போட்டுவிட்டதாக அவனிடம் பொய் சொன்னாள்.

அன்று அந்தி மஃரிப் பாங்கு முடிந்து சந்து அடங்கியிருந்தது. கீழே தண்ணீர் மோட்டார் ஓடுகிற ஓசை, யார் வீட்டிலோ மீன் பொரிகிற வாசனை, மாடிப்படியில் பாதி எரிந்து பாதி அணைகிற டியூப்லைட்டின் முனகல், இவற்றுக்கெல்லாம் நடுவில் உள்ளறையிலிருந்து தஹ்ஸீனின் குரல் வந்தது. யாருக்கோ பதில் சொல்கிற குரல்.

"ஆமாத்தா... இல்லத்தா... அம்மா அடுப்படில இருக்காங்க."

மெஹ்ரீன் கரண்டியோடு போய் நின்றாள். கட்டிலில் கவிழ்த்த போன் நிமிர்ந்து கிடந்தது. திரை கருப்பு. அதன் மேல் குனிந்து குழந்தை சிரித்துக்கொண்டிருந்தாள்.

"யார்கூடடா பேசுறே?"

"அத்தாகூட."

"அத்தா டூட்டிக்குப் போயாச்சே."

"இல்லியே, பேசுறாங்களே. அம்மா எப்பக் குளிப்பாங்கன்னு கேட்டாங்க. கதவுக்கு உள்தாப்பா போட்டிருக்கான்னு கேட்டாங்க."

மெஹ்ரீன் கரண்டியைக் கீழே போட்டாள். போனை எடுத்தாள், சுட்டது. கருப்புத் திரைக்குள்ளிருந்து மெல்லிய இரைச்சல் ஒன்று வந்தது. ஆசாத் அறையின் பழைய ஏசி சத்தம். அது அவளுக்கு அத்துப்படி.

"மெஹ்ரு" என்றது போன்.

ஆசாத்தின் குரல். அதே இழுப்பு. "மச்சான், டூட்டிக்குப் போகலியா நீங்க?" என்றாள்.

ஏசி இரைந்தது.

பிறகு, "மச்சான், டூட்டிக்குப் போகலியா நீங்க?" என்று அவளுடைய குரலே கேட்டது. அவள் கேட்டதுபோலவே, அதே நடுக்கத்தோடு. மறுபடியும் ஒரு தடவை சொன்னது. இந்தத் தடவை நடுக்கத்தைக் கொஞ்சம் குறைத்து, சரியாக வருகிறதா என்று சொல்லிப் பார்க்கிறவள் மாதிரி.

அவள் போனை அணைத்தாள். பீரோவில் துணிகளுக்கு அடியில் திணித்துப் பூட்டினாள். உள்தாப்பாளைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தாள். இரவு முழுக்க மகளைக் கட்டிக்கொண்டு, தெரிந்த துஆவை எல்லாம் ஓதிக்கொண்டு படுத்திருந்தாள்.

காலையில் போனைப் போட்டதும் ஆசாத்தின் குரல்செய்தி வந்து விழுந்தது. "நேத்து டீ டயத்துல நீ வீடியோல வந்து அப்படி அழுததப் பாத்ததுலேருந்து எனக்கு வேலையே ஓடல மெஹ்ரு. பயப்படாத. எவளாவது உன் குரல்ல கூப்பிட்டா நான் நம்ப மாட்டேன், போதுமா? நான் லீவுக்குச் சொல்றேன்."

அவள் அழவில்லை. வீடியோவில் வரவில்லை. போன் பீரோவுக்குள் செத்துக் கிடந்தது. உடனே கூப்பிட்டாள். இரவு வேலை முடித்து வந்து அவன் அடித்துப் போட்டதுபோல் தூங்குகிற நேரம், மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

தஹ்ஸீனைப் பள்ளியில் விட்டுவிட்டு நேரே ஷேக் தாவூதின் மொபைல் கடைக்குப் போனாள். சந்து முனையில் கடை வைத்திருக்கிற அவரை எல்லோரும் தாவூது பாய் என்பார்கள். அவர் போனை வாங்கிப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னதைக் கேட்டார். கேட்கக் கேட்க முகம் மாறியது.

"நம்ம கடை வைஃபை இல்லம்மா அது. மதரஸாவுல வைஃபையே கிடையாது. பூட்டில்லாததுல ஏறுறது நடுத்தெருவுல நின்னு பேசுற மாதிரி, போறவன் வர்றவனெல்லாம் கேப்பான். அதுகூடப் பரவால்லம்பேன். பாஸ்வேர்டு குடுத்து, கேட்டதுக்கெல்லாம் சரி போட்டிருக்கீங்க பாருங்க, அது வாசக்கதவக் கழட்டிக் குடுத்த கணக்கு."

"இப்ப அதுலேருந்து வெளில வந்துட்டா விட்டுடும்ல பாய்?"

"போன் ஒரு தடவ ஏறின பேர மறக்காதும்மா. எங்க போனாலும், ஹோம் இருக்கியா, ஹோம் இருக்கியான்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கும். எவன் 'நான்தான்'னு சொன்னாலும் நம்பிடும். ஆளப் பாத்துத் தெரிஞ்சுக்க அதுக்குக் கண்ணா இருக்கு?" என்றவர், அந்தப் பெயரை மறக்கச் செய்து, வைஃபையையே அணைத்தார். "பாஸ்வேர்டையெல்லாம் வேற போன்லேருந்து மாத்துங்க. இந்தப் போன்ல ஒன்னும் பேசாதீங்க. சைபர் கிரைமுக்கு ஒரு புகார் குடுத்துருங்க." பிறகு சந்தேகத்தோடு தன் போனை எடுத்துக்கொண்டு சந்து முழுக்க நடந்துபோய்த் திரும்பி வந்தார். "என் போன்ல ஹோம்னு ஒன்னு காட்டவே இல்லியே. சந்துல எங்கயும் இல்ல."

அவளுடைய போனைத் திருப்பிக் கொடுக்கும்போது அதைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். ஏன் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இனி அந்த வீட்டுக்குள் கால் வைக்க முடியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். யாரோ அத்தா என்று சொல்லிக்கொண்டு பிள்ளையிடம் கதவைப் பற்றிக் கேட்டிருக்கிறான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டில், அவளோடு ஒரே கல்லூரியில் படித்த பவித்ராவின் பிளாட் இருக்கிறது. அங்கே போய்விட்டால் பவித்ராவின் போனில் ஆசாத்தைப் பிடித்துவிடலாம், புகாரும் கொடுத்துவிடலாம். பள்ளி விட்டதும் தஹ்ஸீனை இழுத்துக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினாள்.

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியபோது வெயில் சாய்ந்திருந்தது. ஆற்றில் தண்ணீர் கலங்கலாக, அகலமாகப் போய்க்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே ஈரக் காற்று வந்து முகத்தில் பட்டபோதுதான் நேற்றிலிருந்து முதல் தடவையாக அவள் மூச்சை முழுசாக இழுத்துவிட்டாள். இரண்டு பக்கமும் தண்ணீர். பக்கத்தில் வீடு கிடையாது, கடை கிடையாது. மடியில் இருந்த பையைத் தாண்டிச் சூடு தெரிந்தது.

துணியைப் பிரித்தாள். திரை எரிந்தது. வைஃபை தானே ஆனாகியிருந்தது.

ஹோம். இணைக்கப்பட்டது.

எல்லாக் கோடுகளும் முழுசாக. மிக அருகில்.

அவள் பஸ்ஸைச் சுற்றிப் பார்த்தாள். பூக்கூடையோடு ஒரு அம்மாள். காதில் எதையோ மாட்டிக்கொண்ட கல்லூரிப் பையன்கள். தூங்குகிற ஒருவர். கண்டக்டர். யாரும் இவளைப் பார்க்கவில்லை. யாராகவும் இருக்கலாம்.

"தஹ்ஸீன் செல்லம்" என்றது போன், ஆசாத் குரலில். "எந்தப் பஸ்ஸுடா?"

"ஒன்னாம் நம்ப..." என்று குழந்தை வாயைத் திறந்தாள்.

மெஹ்ரீன் எழுந்தாள். யோசிக்கவில்லை. ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி, இருந்த பலத்தையெல்லாம் கூட்டிப் போனை வீசினாள். கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் போய் விழுந்தது. தண்ணீரில் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

"அத்தாவ ஆத்துல போட்டுட்டீங்க!" தஹ்ஸீன் வீறிட்டாள். "அத்தாவ ஆத்துல போட்டுட்டாங்க! அத்தாவ ஆத்துல போட்டுட்டாங்க!"

பஸ் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மெஹ்ரீன் மகளை அணைக்கப் போனாள். குழந்தை அவள் கையைக் கடித்தாள். பிறகு ஜன்னலோரம் சுருண்டுகொண்டு, இறங்குகிறவரை அம்மாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பவித்ரா கதவைத் திறந்து இவர்கள் கோலத்தைப் பார்த்ததும் பதறிப்போனாள். "உள்ள வா மெஹ்ரு. முதல்ல உக்காரு. தண்ணி குடி." எல்லாவற்றையும் கேட்டாள். நம்பினாளா என்று தெரியவில்லை. ஆனால் தோளில் கையை வைத்து, "எங்க வீட்டு வைஃபை பூட்டு போட்டதுதான், பயப்படாத. அவருக்குப் பேசு" என்று தன் போனைக் கொடுத்தாள். தஹ்ஸீன் சோபா மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு விம்மிக்கொண்டிருந்தாள்.

சவூதி நம்பர் மெஹ்ரீனுக்கு மனப்பாடம் இல்லை. யார்தான் இந்தக் காலத்தில் நம்பரை மனப்பாடம் செய்கிறார்கள்? ஆனால் பேங்க் ஓடிபிக்காக ஆசாத் ஊர் நம்பரை இன்னொரு போனில் போட்டு வைத்திருக்கிறான். அது தெரியும். அழுத்தினாள். மணி அடித்தது. எடுத்தான்.

"மச்சான்!" என்று கத்திவிட்டாள். "நான்தான் மச்சான்!"

அந்தப் பக்கம் ஏசியின் இரைச்சல். கூடவே, எங்கோ ஒரு குக்கர் விசில் அடித்தது. ஆசாத்தின் அறையில் குக்கர் கிடையாது.

"யாருங்க நீங்க?" என்றான்.

"மெஹ்ரீன் மச்சான். பவித்ரா போன்லேருந்து பேசுறேன். என் போன ஆத்துல போட்டுட்டேன். இனிமே அந்தப் போன்லேருந்து யாரு கூப்பிட்டாலும்..."

"நீ சொன்ன மாதிரியே ஒருத்தி கூப்பிடுறா மெஹ்ரு" என்றான் ஆசாத். அவளிடம் இல்லை. வேறு பக்கம் திரும்பி, வேறு யாரிடமோ.

"வச்சிருங்க மச்சான்." தூரத்தில், மெல்ல, அவளுடைய குரல். நடுக்கம் கொஞ்சமும் இல்லை. "பேச்சு குடுக்காதீங்க."

"மச்சான், அது நான் இல்ல! அல்லாஹ் மேல ஆணையா அது நான் இல்ல! ஏதாவது கேளுங்க. நமக்கு மட்டும் தெரிஞ்சது எதையாவது கேளுங்க!"

அவன் மூச்சு கேட்டது. "நான் முதத் தடவ கிளம்பினப்போ, திருச்சி ஏர்போர்ட்ல, என் சட்டப் பைக்குள்ள என்ன வச்சே?"

"தஹ்ஸீனோட சாக்ஸ். ஒத்த சாக்ஸ். மஞ்சள் கலர். இன்னொன்னு நான் வச்சுக்கிட்டேன். திரும்பி வந்து ஜோடி சேக்கணும்னு சொன்னேன்." அவள் அழுதுகொண்டே சொன்னாள். இதற்கு மேல் என்ன வேண்டும்? நம்பிவிடுவான்.

"அவளும் அதத்தான் சொன்னா." அவன் குரல் உடைந்தது. "நீங்க சொல்றதுக்கு முன்னாடியே சொல்லிட்டா. கலரோட."

எத்தனை சாயங்காலங்கள், அரிசி டப்பா முன்னால் நின்று அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். வேறு எதைச் சொல்வது? எதைச் சொல்லலாம் என்று தேடினாள். பிரசவ வலி. முதல் சண்டை. மாமியாருக்குத் தெரியாமல் விற்ற வளையல். எல்லாமே அங்கே சொன்னவைதான். அவளுக்கென்று மிச்சம் ஒன்றுகூட இல்லை.

"வீடியோல வரேன் மச்சான். என் முகத்தப் பாருங்க. ஒரே ஒரு தடவ."

வீடியோவைப் போட்டாள். ஆசாத் தெரிந்தான். தாடி மழிக்காத முகம், சிவந்த கண்கள். அவளைப் பார்த்ததும் உதடு கோணியது. ஒருகணம், ஒரே கணம், அவன் நம்பினான். அது அவளுக்குத் தெரிந்தது. பிறகு கையிலிருந்த மற்ற போனைத் தூக்கி, அதன் திரையை அவளுக்குக் காட்டினான்.

"அப்ப இது யாரு?" என்றான்.

அவளுடைய அடுப்படி. அவளுடைய மேடை. நீர்க்கசிவு விழுந்த அதே சுவர். அங்கே உட்கார்ந்து ஒருத்தி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மெஹ்ரீன் நேற்று போட்டிருந்த துப்பட்டா. மெஹ்ரீனின் கழுத்து. மெஹ்ரீனின் விரல்கள். நிதானமாக நறுக்கினாள். பிறகு நிமிர்ந்தாள்.

நன்றாகத் தூங்கி எழுந்த முகம். அழாத முகம். தலை கலையாத, மூச்சு வாங்காத, யாரையும் பார்த்துக் கத்தாத மெஹ்ரீன்.

தோளில் இருந்த பவித்ராவின் கை எடுபட்டது. மெஹ்ரீன் திரும்பிப் பார்த்தாள். பவித்ரா அவளையே பார்த்தபடி ஓர் அடி பின்னால் வைத்தாள். இன்னோர் அடி.

"பவி, நீ என்னத் தொட்டியே. நான் நிஜமாத்தானே இருக்கேன். சொல்லு பவி. அவர்கிட்ட சொல்லு."

பவித்ராவின் முதுகு சுவரில் இடித்தது.

"தஹ்ஸீன்" என்று கூப்பிட்டது திரை. "எங்கடா தங்கம்?"

சோபா மூலையிலிருந்து குழந்தை தலையைத் தூக்கினாள். இறங்கி ஓடி வந்தாள். மெஹ்ரீன் போனை உயரத் தூக்குவதற்குள் எட்டிப் பிடித்துத் திரைக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டாள். கண்ணீர் காயாத முகம் மலர்ந்தது.

"அம்மா!"

"எங்கடா இருக்கே?"

"ஸ்ரீரங்கத்துல. பவித்ரா ஆன்ட்டி வீட்டுல. மேல் மாடி."

"பேசாதடா!" மெஹ்ரீன் மகளின் வாயைப் பொத்தினாள். குழந்தை திமிறினாள். "தஹ்ஸீன், அம்மா இங்க இருக்கேன்டா. என்னப் பாரு. அம்மாவப் பாருடா."

"உன் பக்கத்துல யாருடா இருக்கா?" என்று கேட்டது திரை, அன்பாக.

தஹ்ஸீன் திரும்பிப் பார்த்தாள். கலைந்த தலையை, வீங்கிய கண்ணை, கடிபட்ட கையை. ரொம்ப நேரம் பார்த்தாள். பள்ளி வாசலில் புதிய ஆட்களைப் பார்க்கிற பார்வை.

"தெரியலம்மா" என்றாள்.

"பயப்படாத. அம்மா வந்து கூட்டிட்டு வரேன்."

திரையில் அவள் கத்தியைக் கீழே வைத்தாள். எழுந்தாள். கதவோரம் ஆணியில் தொங்கிய கருப்புப் புர்காவை எடுத்து, தலைவழியே போட்டு, நிதானமாகப் பித்தான் மாட்டினாள். மெஹ்ரீனிடம் இருந்தது ஒரே ஒரு புர்கா. அது இப்போது மெஹ்ரீனின் உடம்பில் வியர்வையோடு ஒட்டிக்கிடந்தது. திரையில் இருந்தவள் உள்தாப்பாளை நீக்கினாள். மாடிப்படியின் டியூப்லைட் வெளிச்சம் அடுப்படிக்குள் விழுந்து அணைந்து, மறுபடியும் விழுந்தது. கதவு அகலத் திறந்து கிடந்தது. நறுக்கிய பீன்ஸ் தட்டில் இருந்தது. அடுப்படியில் யாரும் இல்லை.